வந்திறங்கியவர்கள் உட்காரும் அறை

போடி ஏலக்காய்க் கடைகளில் ஒச்சப்பன் என்று சொன்னால் சட்டென்று ஆள் பிடிபடாது. மூக்குக்காரர் என்றால் தெரியும். மூட்டையின் வாயை அவிழ்த்து முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி காயை அள்ளுவார். இரண்டு கைக்குள்ளும் பொத்தி முகத்தருகே கொண்டுபோவார். எந்த மலைச் சரக்கு, உலர்த்துகிற ஸ்டோரில் தீ கூடிப்போனதா, மழையில் நனைந்து மறுபடி காய்ந்ததா, பழைய காயைப் புதுசோடு கலந்திருக்கிறார்களா, எல்லாவற்றையும் அந்த ஒரு பிடியில் சொல்லிவிடுவார்.

நான் எண்பத்தொன்றிலிருந்து ஆறு வருசம் போடி தபால் ஆபீசில் வேலை பார்த்தேன். ஒச்சப்பன் வீட்டை ஒட்டிய வீட்டில்தான் குடியிருந்தேன். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. ஒல்லியான உடம்பு, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. மூக்குக்காரர் என்று தெருவில் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் நிற்பார். அது ஏன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே சொன்னார். நடுவே அவர் சம்சாரம் ராக்கு வந்து சில இடங்களைத் திருத்தினார். இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒச்சப்பன் பதினெட்டு வயதில் சுருளிவேல் முதலாளியின் கடையில் சேர்ந்தவர். முதலாளிக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். அப்பா ஆரம்பித்த கடையை எடுத்து நடத்தி, அரபு நாடுகளுக்குச் சரக்கு ஏற்றுகிற அளவுக்குக் கொண்டுவந்தவர். நேரானவர், கோபக்காரர். ஆனால் அவருக்கு வாசம் தெரியாது. விடிந்ததிலிருந்து படுக்கிற வரை மூக்குப்பொடி. ஒரு பக்கம் பொடி டப்பா, ஒரு பக்கம் கைக்குட்டை. அதனால் சரக்கு விசயத்தில் ஒச்சப்பன் வாய்தான் கடைசி வாய். அவர் "ஆகும்" என்றால் ஆகும், "ஆகாது" என்றால் மூட்டை வந்த வழியே ஜீப்பில் ஏறிவிடும்.

அப்படிப்பட்டவருக்கு எழுபத்தாறாம் வருசம் ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்தது. போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் காய் பார்க்கப் போன இடத்தில் படுத்தார். பத்து நாள் கண் திறக்கவில்லை. பதினோராம் நாள் எழுந்து கட்டங்காப்பி கேட்டார். குடித்துவிட்டு, "என்ன இது, வெறும் சுடுதண்ணியக் கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். எஸ்டேட்காரர்கள் காய்ச்சல் வாய் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

காய்ச்சல் போய் ஒரு மாதமாகியும் வாசம் திரும்பி வரவில்லை.

முதலில் கண்டுபிடித்தது ராக்குதான். ஒருநாள் அடுப்பில் கருவாட்டை வைத்துவிட்டு அவர் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தால் வீடெல்லாம் புகை. கருவாடு கரிக்கட்டை. அடுப்புக்கு நாலு அடி தள்ளி உட்கார்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பி, ஒச்சப்பன் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கருகுற வாடை கூடவா தெரியல?"

அவர் அப்போதுதான் திரும்பிப் புகையைப் பார்த்தார். ராக்கு அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். அதற்கு மேல் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"முதலாளிகிட்டச் சொல்லிருங்க," என்றார் ராக்கு.

"சொல்லிட்டு? இருபத்தெட்டு வருசமா மூக்க வச்சுத்தான் அங்க நிக்கிறேன். மூக்கு இல்லன்னா நான் யாரு?"

"வேற சோலி குடுப்பாக."

"குடுப்பாக. எல்லாரும் பாவம்னு பாப்பாக."

அதோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. அவர் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். கண் இருந்தது, கை இருந்தது. காயின் பச்சை எந்த அளவுக்கு வெளுத்திருக்கிறது, தோல் எத்தனை விறைப்பு, காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை எப்படிச் சத்தம் போடுகிறது, ஒரு விதையைக் கடித்தால் நாக்கில் எவ்வளவு நேரம் குளிர்ச்சி நிற்கிறது என்று பல வழிகள் வைத்திருந்தார். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகவே இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு மூட்டைக்கும் இரண்டு கையையும் பொத்தி முகத்தருகே கொண்டுபோவதை மட்டும் விடவில்லை. "கோயில்ல நம்பிக்கை இல்லாதவன் கைகூப்புற மாதிரி," என்று என்னிடம் சொன்னார்.

எழுபத்தெட்டு தை மாதம் குவைத்துக்கு ஒரு பெரிய லோடு கட்டினார்கள். குடோனில் முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெடித்தது, பூச்சி அடித்தது, காம்பு நீண்டது எல்லாவற்றையும் தனியே தள்ளுகிற வேலை. அதில் குருவம்மாள் என்று ஒருத்தி. ராசிங்காபுரத்திலிருந்து தினமும் பஸ்சில் வந்துபோகிறவள். முப்பது வயதிருக்கும். அவள் ஒரு மூட்டையின் காயை முறத்தில் கொட்டியதும் மூக்கைச் சுளித்தாள்.

"அண்ணே, இதுல சீமெண்ணெ வாடை அடிக்குது."

ஒச்சப்பன் வந்து ஒரு பிடி அள்ளினார். பொத்தினார். முகத்தருகே கொண்டுபோனார். முப்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல. பொறுக்கு."

"இல்லண்ணே, நல்லா அடிக்குது. அந்த ஜீப்புல வந்த மூட்டை எல்லாத்துலயும் இருக்கு. மேல போறப்ப சீமெண்ணெ டின்னு ஏத்திட்டுப் போயிருப்பாங்க..."

"நான் மோந்து பாத்தாச்சு. உன் சோலியப் பாரு."

"நீங்களே இன்னொருக்காப் பாருங்கண்ணே. பேச்சி, நீ மோந்து பாரு."

பக்கத்தில் இருந்த பேச்சி முறத்தின் மேல் குனிந்தாள். அதற்குள் ஒச்சப்பன் முறத்தைக் காலால் தள்ளிவிட்டார். காய் தரையெல்லாம் சிதறியது. எதிர்த்துப் பேசுகிறவள் இங்கே வேண்டாம் என்று கத்தினார். அன்று மத்தியானமே குருவம்மாளை நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் போய் நின்றார். இத்தனை வருசத்தில் ஒச்சப்பன் யாரையும் நிறுத்தச் சொன்னதில்லை என்பதால் முதலாளியும் காரணம் கேட்கவில்லை. அவள் சோற்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த இடத்தைச் சொல்லும்போது ஒச்சப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவ சொன்னது நெசமா இருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்," என்றார். "தெரிஞ்சுதான் செஞ்சேன்."

இரண்டு மாதம் கழித்துக் குவைத்திலிருந்து கடிதம் வந்தது. சரக்கில் மண்ணெண்ணெய் வாடை, எங்கள் ஊரில் ஏலக்காய் தட்டிப் போடுகிற காப்பிக்கு ஆகாது, சரக்குத் தெரிந்த ஆளோடு நேரில் வாருங்கள் என்று அந்த வியாபாரி எழுதியிருந்தார். பத்து வருசப் பழக்கம். போகவர விமான டிக்கெட்டும் அவரே எடுத்து அனுப்பியிருந்தார், இரண்டு பேருக்கும் உயர்ந்த வகுப்பில். சித்திரை மாதம் சுருளிவேல் முதலாளியும் ஒச்சப்பனும் பம்பாய் போய், அங்கிருந்து குவைத்துக்குப் பறந்தார்கள். போடித் தெருவே பேசியது. ராக்கு மட்டும் வாசலில் நின்று, "இப்பவாச்சும் சொல்லிருங்க," என்று காதருகே சொன்னார்.

குவைத்தில் அந்த வியாபாரியின் குடோன். நரைத்த தாடி, நீளமான வெள்ளை அங்கி, மெதுவான பேச்சு. அவர் சொல்வதை ஒரு மலையாளி மலையாளத்தில் எடுத்துச் சொன்னான். மலையில் திரிந்தவர்களுக்கு மலையாளம் தாய்மொழி மாதிரிதானே. வியாபாரி ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு காயை நகத்தால் கிள்ளிப் பிளந்து, ஒச்சப்பன் மூக்கருகே நீட்டினார்.

"எந்தா மணம் என்னு சோதிக்குந்நு," என்றான் மலையாளி, என்ன வாசம் என்று கேட்கிறாராம்.

ஒச்சப்பன் மோந்து பார்த்தார். "ஏலக்காய் வாசம்தான்," என்றார்.

வியாபாரி இன்னொரு காயைப் பிளந்தார். மறுபடி அதே பதில். அந்தக் கிழவர் ஒச்சப்பனை வெகுநேரம் பார்த்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது போலிருந்தது. கோபம் வந்தது சுருளிவேல் முதலாளிக்குத்தான். முப்பது வருசமாகத் தவறாத மூக்கு. அது சொன்ன பிறகு வேறென்ன பேச்சு? சரக்கைத் தட்டிக்கழிக்கப் பொய்க் காரணம் சொல்கிறார் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மலையாளி அதை மொழிபெயர்க்கத் தயங்கினான். "சொல்லுய்யா, அப்பிடியே சொல்லு," என்று முதலாளி அதட்டினார். சொன்னான்.

வியாபாரி பெட்டியை மூடினார். அதற்கப்புறமும் நான்கு நாள் அவர்களைத் தன் விருந்தாளியாகத்தான் வைத்திருந்தார். காப்பி வந்தது, சாப்பாடு வந்தது, கடைசி நாள் விமான நிலையத்துக்கு அவருடைய காரே வந்தது. அவர் மட்டும் வரவில்லை.

விமானம் காலை ஏழு மணிக்குப் பம்பாயில் இறங்கியது. அடுத்து மதராஸ் விமானம் சாயங்காலம் நாலு மணிக்கு. இடையில் ஒன்பது மணி நேரம். வெளியே ஒரு பெஞ்சில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்துகொள்ளலாம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆனால் டிக்கெட்டைப் பார்த்த பெண், இந்த வகுப்பில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஓய்வெடுக்கத் தனி லவுஞ்சு உண்டு என்று ஒரு சீட்டெழுதிக் கொடுத்தாள். ஒச்சப்பன் அதைக் கடைசிவரை "லாஞ்சி" என்றுதான் சொன்னார். லாஞ்சி என்றால் படகல்லவா என்று நான் ஒருதடவை கேட்டேன். "நான் தத்தளிச்சது அங்கதான், அப்பிடியே இருக்கட்டும்," என்றார்.

கதவருகே சீருடை போட்ட ஒரு பெரியவர் நின்றிருந்தார். சீட்டை வாங்கிப் பார்த்தார். வேட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "தமிழாளுகளா? வாங்க வாங்க. எனக்குச் சங்கரன்கோயில் பக்கம்," என்றார். பிறகு ஒச்சப்பன் கையில் இருந்த முதலாளியின் பெட்டியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "இவுக?"

"அவரும் பயணிதான்," என்றார் முதலாளி. "எங்கூட வந்தவரு."

போடியில் முதலாளி அப்படிச் சொன்னதே இல்லை. "நம்ம ஆளு" என்பார். ஒச்சப்பனுக்கு அந்த "வந்தவரு" காதில் என்னவோ செய்தது.

உள்ளே குளிர். காலடி புதைகிற கம்பளம். மெத்தை வைத்த நாற்காலிகள் இரண்டிரண்டாக எதிரெதிரே, நடுவில் குட்டை மேசை. ஒச்சப்பன் பழக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். கடையில் இத்தனை வருசத்தில் முதலாளி முன்னால் அவர் உட்கார்ந்ததில்லை. உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை. நிற்பதே பழகிவிட்டது. குவைத்திலும் சாய்ந்து நிற்க ஒரு தூணோ சுவரோ இருந்தது. விமானத்தில் எல்லோருமே பஸ்சில் மாதிரி முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் தெரியவில்லை. இங்கே நின்றால் அறையில் இருக்கிற வெள்ளைக்காரர்களும் சேட்டுகளும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"உக்காருப்பா. எல்லாரும் பாக்குறாங்க," என்றார் முதலாளி.

உட்கார்ந்தார். மெத்தை உள்வாங்கியது. முதலாளியின் முகம் நேர் எதிரே, அவர் முகத்துக்குச் சமமான உயரத்தில் இருந்தது. கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இந்த மனிதரின் புருவத்தில் இவ்வளவு நரை இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன் என்றார் ஒச்சப்பன்.

சங்கரன்கோயில் பெரியவர் இட்லி இல்லை என்று வருத்தப்பட்டுவிட்டு ரொட்டி, முட்டை, பழம் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். இரண்டு தட்டும் ஒரே மாதிரி. முதலாளி வெறுமனே பழத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம மேல பழியப் போட்டவன் வீட்டு டிக்கெட்டு. அந்த டிக்கெட்டுக்குக் குடுக்குற சாப்பாடு. எறங்க மாட்டேங்குது," என்றார்.

ஒச்சப்பனுக்கும் இறங்கவில்லை. காரணம்தான் வேறு.

அப்போதுதான் பெரியவர் ஒரு தட்டில் சுருட்டி வைத்த சின்னத் துண்டுகளைக் கொண்டுவந்தார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்தவை. ஆவி பறந்தது. இறங்கி வந்த களைப்புக்கு முகத்தைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று இடுக்கியால் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். முதலாளி துண்டை முகத்தில் பொத்தினார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். துண்டை எடுத்தபோது முகத்தில் ஒரு ஆச்சரியம். குவைத்துக்குப் போன இரண்டாம் நாளே அவருடைய பொடி டப்பா காலி. அங்கே வாங்க வழியில்லை. நாலு நாளாகப் பொடி போடாமல் எரிச்சலாகத் திரிந்தவருக்கு, அடைபட்டுக் கிடந்த மூக்கு திறந்திருந்தது.

"ஒச்சப்பா, எனக்கே வாசம் தெரியுதுய்யா! தெரிஞ்ச வாசமா இருக்கு, பேருதான் வரமாட்டேங்குது. நீ சொல்லு, இது என்ன?"

ஒச்சப்பன் துண்டை முகத்தருகே கொண்டுபோனார். சூடு தெரிந்தது, ஈரம் தெரிந்தது.

"மரிக்கொழுந்து," என்றார்.

முதலாளி சிரித்தார். "என்னப்பா நீ, மரிக்கொழுந்தா இது? இது நம்ம மலையில காய்ச்சுற புல்தைலம்ல. இந்தா, இப்ப ஞாபகம் வந்திருச்சு. மெட்டு ஏறுனா வழியெல்லாம் மணக்குமே." துண்டை மறுபடி மோந்து பார்த்தார். "ஆமா, அதேதான்."

பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அந்தப் புல் வளர்ந்த சரிவில் முப்பது வருசம் நடந்தவன் இவன். அதை இவன் மரிக்கொழுந்து என்கிறான்.

தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. சளி பிடித்திருக்கிறது, விமானத்தில் காது மூக்கெல்லாம் அடைத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். முதலாளி நம்பியிருப்பார். "ஏன் சொல்லல?" என்று நான் கேட்டேன். "நின்னுக்கிட்டு இருந்தா சொல்லியிருப்பேன். நின்னா கீழ பாத்துக்கிட்டுப் பேசலாம். அன்னைக்கு எதுத்தாப்புல உக்காந்துட்டேன்."

"மொதலாளி, எனக்கு வாசம் தெரியாது," என்றார் அங்கே. "காய்ச்சல்ல போனது. ஒன்றரை வருசமாச்சு."

முதலாளி துண்டை மேசையில் வைத்தார். ஒச்சப்பனே எல்லாவற்றையும் சொன்னார். கருவாடு, கண்ணாலும் கையாலும் காய் பார்த்தது, கடைசியில் குருவம்மாள். முறத்தை உதைத்ததையும் சொன்னார். குரல் உயராமல், பக்கத்து நாற்காலிக்குக் கேட்காமல் சொன்னார். முடித்தபோது கையில் இருந்த துண்டு ஆறிப்போய் ஜில்லென்று இருந்தது.

முதலாளி எழுந்தார். அந்த லவுஞ்சில் குளிக்கிற அறை உண்டு. துண்டை எடுத்துக்கொண்டு அதற்குள் போய்விட்டார். ஒரு மணி நேரம் வரவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒச்சப்பன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. சங்கரன்கோயில் பெரியவர் வந்து, "உங்க அண்ணனுக்கு மேலுக்கு முடியலையா?" என்று விசாரித்தாராம்.

முதலாளி திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அழுதாரா, சோப்பு பட்டதா என்று தெரியவில்லை.

"ஒரு வயசான மனுசன. அவரு வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு, பொய்யன்னு சொல்ல வச்சுட்டியேடா," என்றார். அதுவரை ஒச்சப்பனை அவர் "டா" போட்டதில்லை.

"தப்புத்தான் மொதலாளி."

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன கேடு? தூக்கிப் போட்டுருவேன்னு நெனைச்சியா?"

"மூக்கு இல்லாதவன வச்சு நீங்க என்ன செய்வீங்க?"

"அத நான்ல முடிவு பண்ணியிருக்கணும்."

முதலாளி பெரியவரைக் கூப்பிட்டுத் தந்தி அனுப்ப முடியுமா என்று கேட்டார். லவுஞ்சில் இருக்கிறவர்களுக்கு அந்த வசதி உண்டு, எழுதிக் கொடுத்தால் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக அவர் சொன்னார். படிவம் வந்தது. முதலாளி பேனாவைத் திறந்தார்.

"என் பேரைப் போட்டு எழுதுங்க மொதலாளி. வேலைக்காரன் ஏமாத்திட்டான்னு எழுதுங்க. உங்களுக்கு மருவாதையாப் போயிரும்."

"கடைப் பேருல போன சரக்கு," என்றார் முதலாளி. "கடைப் பேருலதான் எழுதணும்."

நாலு வரி ஆங்கிலத்தில் எழுதினார். சரக்கின் குறை எங்களுடையது, நீங்கள் சொன்னது உண்மை, நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கிறேன், சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். எழுதி முடித்து, தமிழில் ஒச்சப்பனுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, ஆறிப்போன ரொட்டியை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார். "நீயும் தின்னு," என்றார்.

அதுதான் அன்றைக்கு அவர் பேசிய கடைசி வார்த்தை. மதராஸ் விமானத்திலும், மதுரை ரயிலிலும், போடி பஸ்சிலும் ஒரு சொல் பேசவில்லை.

ஊர் வந்த மறுநாள் ஒச்சப்பன் கடைக்குப் போகவில்லை. ராசிங்காபுரம் பஸ் ஏறினார். குருவம்மாள் நிலக்கடலைக் காட்டில் கூலிக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவளோடு வெட்டிக்கொண்டிருந்த பெண்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

"என்னைய வெரட்டுனது கூடப் பெருசில்லண்ணே," என்றாள் குருவம்மாள். "ரெண்டு மூணு மாசமா எம்மூக்கையே நான் நம்பல. மூக்குக்காரர் இல்லைன்னு சொல்லிட்டாரே, அப்ப எனக்குத்தான் என்னவோ கோளாறுன்னு. வீட்டுல பால் திரிஞ்சிருக்கான்னு மோந்து பாக்கக்கூட எம்மகளக் கூப்பிட்டேன்."

ஒச்சப்பன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"திரும்பி வா ஆத்தா," என்றார்.

"இங்க சொன்னதக் குடோன்ல சொல்லுவீங்களா? அந்த முப்பது பேரும் இருக்கையில?"

"சொல்றேன்."

சொன்னார். திங்கட்கிழமை காலை, பெண்கள் முறங்களோடு உட்கார்ந்த நேரம், நடுவில் நின்று சொன்னார். முதலாளி கடை வாசலில் நின்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. பேச்சி மட்டும், "அன்னைக்கே எனக்கும் அடிச்சுச்சு. பயந்துக்கிட்டுத்தான் சொல்லல," என்றாள். குருவம்மாள் தன் பழைய இடத்தில் போய் உட்காரப் போனாள். முதலாளி, "அங்க இல்ல. பெட்டி கட்டுற எடத்துக்குப் போ. இனி நீ மோந்து பாத்துத்தான் மூடணும்," என்றார்.

குவைத்திலிருந்து பதில் வர ஒரு மாதம் ஆனது. சரக்கைத் திருப்பி அனுப்பவில்லை, வேறு உபயோகத்துக்குக் கொடுத்துவிட்டேன், அடுத்த மழைக்குப் பிறகு புதுக்காய் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. தந்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதலாளி அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார் என்று ஒச்சப்பன் சொன்னார். அந்தக் கிழவர் மன்னித்தாரா, மறந்தாரா, அல்லது நல்ல காய்க்காகப் பொறுத்துக்கொண்டாரா என்பது முதலாளிக்கு விளங்கவே இல்லை.

ஒச்சப்பன் அதே கடையில் இன்னும் ஐந்து வருசம் சல்லடைப் பக்கம் வேலை பார்த்தார். காயைப் பருமன் வாரியாகப் பிரிக்கிற வேலை. அதற்குக் கண் போதும். முதலாளி முன்னால் மறுபடியும் நின்றுகொண்டுதான் இருந்தார். பம்பாயில் எதிரெதிரே உட்கார்ந்ததைப் பற்றி இரண்டு பேரும் ஒருநாளும் பேசவில்லை. ஆனால் முதலாளி அவரிடம் எதையாவது கேட்டால், பதில் வரும் வரை முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். முன்பெல்லாம் கேட்டுவிட்டுக் கணக்குப் பிள்ளை பக்கம் திரும்பிவிடுவார். எண்பத்து மூன்றில் முதலாளியின் குரங்கணித் தோட்டத்தில் காய் உலர்த்துகிற ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. ஒச்சப்பன் ராக்குவோடு அங்கே குடிபோனார். போடி வந்தால் எங்கள் வீட்டுக்கும் வருவார்.

எண்பத்தாறில் கடை முதலாளியின் மகன் கைக்குப் போனது. மதராஸில் படித்த பிள்ளை. ஒரு லோடில் குருவம்மாள் எட்டுப் பெட்டியை மூட விடாமல் தள்ளி வைத்தாள். ஏதோ பூஞ்சை வாடை என்றாள். பிள்ளை, காய் பளபளவென்று இருக்கிறது, வீம்புக்குச் சொல்கிறாள் என்றார். விசயம் குரங்கணிக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை பால் ஜீப்பில் ஒச்சப்பன் வந்து இறங்கினார். நேரே குடோனுக்குப் போனார். அன்று தற்செயலாக நானும் ஒரு பதிவுத் தபாலோடு அங்கே இருந்தேன்.

"நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்களேன்," என்றார் பிள்ளை. பழைய கதை அவருக்குத் தெரியுமோ தெரியாதோ.

"எனக்கு வாசம் தெரியாது தம்பி," என்றார் ஒச்சப்பன். "அவளுக்குத் தெரியும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

பிள்ளைக்குக் கோபம்தான். ஆனாலும் அந்த எட்டுப் பெட்டியும் லோடில் ஏறவில்லை. பிறகு அதை வடக்கே யாருக்கோ அனுப்பினார். அங்கிருந்து புகார் எதுவும் வரவில்லை. குருவம்மாள் சொன்னது சரியா, வாங்கியவர்கள் கவனிக்கவில்லையா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. அவளைக் கேட்டால் இன்றைக்கும் பூஞ்சைதான் என்பாள்.

ஒச்சப்பன் அன்று கடையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஸ்டோரில் காய் கிடக்கிறது, தீ பார்க்க வேண்டும், வெரசாப் போகணும் என்று சொல்லிவிட்டு, குரங்கணி ஜீப் நிற்கிற இடத்துக்கு வெயிலில் நடந்து போனார்.